நின்றுபோன ராட்டினம் தானாகச் சுற்றும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் திருவிழா வந்தால் பொருட்காட்சித் திடலில் ராட்டினமும் கொலம்பஸும் டோரா டோராவும் வந்து இறங்கும். அவை ஓடத் தொடங்குமுன் உறுதியாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது என் வேலைகளில் ஒன்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இயந்திரப் பொறியாளராக இதைச் செய்கிறேன். பையில் ஒரு சின்னச் சுத்தியல் எப்போதும் கிடக்கும். நல்ல இரும்பைத் தட்டினால் ‘ணங்’ என்று கேட்கும். உள்ளே அரித்துப்போன இரும்பு ‘பொத்’ என்று மட்டும் சொல்லும்.

போன ஆண்டு வந்த அழைப்பு வேறு மாதிரியானது. கொரோனா நேரத்தில் மூடி, அப்புறம் திறக்கவே திறக்காத ஒரு சிறிய பொழுதுபோக்குப் பூங்கா. “ராட்டினத்தச் சரிபண்ணி ஓட்டலாமா, இல்ல எடைக்குப் போட்டுடலாமா, வந்து பாத்துச் சொல்லுங்க சார்” என்றார் உரிமையாளர்.

டிக்கெட் அறையின் ஜன்னலுக்குள் சீமைக்கருவேலம் தலையை நீட்டியிருந்தது. ராட்டினத்துக்குப் போகும் வழியில் ஒட்டகச்சிவிங்கி வரைந்த ஒரு பலகை. அதன் காது உயரத்துக்கு வளர்ந்த பிள்ளைகள் மட்டும்தான் ஏறலாம். சில மழைக்காலங்கள் அடித்துக் கொண்டுவந்த செம்மண், பலகையின் அடியில் அரையடிக்கு மேடாகியிருந்தது. அந்த மேட்டில் நின்றால், முன்பு அழுதுகொண்டே திரும்பிப்போன பிள்ளைக்கும் காது எட்டியிருக்கும். எனக்குத் தொண்டை அடைத்தது. வேலையை மறந்து கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அதனால், இப்படிப்பட்ட இடங்களைத் தேடிப் போகிறவர்களை நான் கேவலமாக நினைப்பதில்லை. கூச்சலுக்கென்றே கட்டிய இடத்தில் அமைதி நிறைந்திருக்கும்போது மனசு ஏதோ செய்கிறது. பயமும் ஆசையும் ஒன்றாக வருகின்றன. உலகம் முழுவதும் இதே கதைதான். உக்ரைனில் பிரிப்யாத் நகரத்துப் பூங்கா 1986 மே தினத்துக்குத் திறப்பதாக இருந்தது. ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. அந்த ராட்டினத்தின் மஞ்சள் கூண்டுகளைப் படத்தில் பார்க்காதவர்கள் குறைவு. ஜப்பானில் நாரா ட்ரீம்லேண்ட் 1961-இல் திறந்து 2006-இல் மூடியது. இடிக்கும்வரை பத்து ஆண்டு வேலி தாண்டிப் போய்ப் படம் எடுத்தவர்கள் ஏராளம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 2005 கத்ரீனா புயலில் தண்ணீருக்குள் போன பூங்கா பிறகு திறக்கவே இல்லை.

எங்கள் செட்டிநாட்டு ஊர்களில் பூட்டிய வீடு புதிதல்ல. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும் வீடுகள். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது, அங்கிருந்த தொழிலை விட்டுத் திரும்பிய குடும்பங்கள் எத்தனையோ. பேரப்பிள்ளைகள் இப்போது சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். ஆனாலும் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ பங்காளிகள் வருவார்கள். வருவதற்கு முன் யாராவது உடைந்த கூரை ஓடுகளை மாற்றுவார்கள், ஆத்தங்குடித் தரைக்கல்லைத் துடைப்பார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் விளக்கேற்றினாலும் அந்த வீடு பிழைத்துக் கிடக்கும்.

கேளிக்கைப் பூங்காவுக்குப் பங்காளி கிடையாது. சிரித்துவிட்டுப் போன அத்தனை பேரில் ஒருவருக்கும் அங்கே கடமை எதுவும் இல்லை. ஒரு ராட்டினம் நிற்பதே தினமும் யாரோ ஸ்பானரோடு சுற்றிவருவதால்தான். அந்த ஆள் வராமல் போன நாளிலிருந்து அது சாக ஆரம்பிக்கிறது. பார்க்கிறவர்களுக்கு வருகிற துக்கம் உண்மையான துக்கம். ஆனால் அந்தச் சாவு வெளியே தெரியாது. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

துருவைப் பற்றி ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் எங்கள் காரைக்குடியில்தான் இருக்கிறது. துரு எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்துக்கொள்கிறோம். சிவப்பாக இருந்தால் துரு, பெயின்ட் இருந்தால் நல்ல இரும்பு என்று முடிவுகட்டுகிறோம். ராட்டினத்தின் கால்கள் பெரும்பாலும் உள்ளே காலியான குழாய்கள். வெல்டிங்கில் மயிரிழை ஓட்டை இருந்தால் போதும், மழைநீர் உள்ளே இறங்கி அடியில் தேங்கும். துரு உள்ளிருந்து தின்னும். வெளியே நீலப் பெயின்ட் பளபளவென்று இருக்கும். துரு இரும்பைவிடச் சில மடங்கு அதிக இடம் கேட்கும். அதனால் போல்ட் இருக்கிற இடங்களைப் பிதுக்கித் தள்ளிவிடும்.

அந்தப் பூங்காவின் காவல்காரர் சொன்னதை இங்கே எழுதியே ஆகவேண்டும். “ஞாயித்துக்கிழமையானா பயலுக சுவரேறிக் குதிச்சு வந்துடுறாங்க சார், வீடியோ எடுக்க. ஒரு தம்பி கம்பியப் புடிச்சு ஏறி, பாதி உயரத்துல இருந்த கூண்டுல உக்காந்துட்டான். சக்கரம் அவனத் தூக்கிக்கிட்டுக் கீழ வந்துச்சு.”

அவர் அதைப் பேய் வேலை மாதிரிச் சொன்னார். காரணம் எளிது. சிறிய ராட்டினங்கள் பலவற்றில் விளிம்பை ஒரு ரப்பர் டயர் அழுத்திக்கொண்டிருக்கும். சுற்றவைப்பதும் நிறுத்துவதும் அதுதான். வெயிலில் ரப்பர் வெடித்து, காற்று இறங்கிவிட்டால் சக்கரத்தைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. காலிக் கூண்டுகள் ஒன்றுக்கொன்று எடை சமமாக இருப்பதால் சும்மா நிற்கிறது. பக்கவாட்டில் ஒரே ஒரு ஆள் ஏறினால் போதும், அந்தப் பக்கம் கனத்துச் சுற்றும். கீழே வந்து நிற்காது, மறுபக்கம் ஏறித் திரும்பவும் இறங்கும். அந்தத் தம்பி முழங்கைச் சிராய்ப்போடு தப்பினான். கீழே நின்று படம் எடுத்தவன் தலையில் கூண்டு இடித்திருந்தால்?

ராட்டினத்தைவிட நான் அதிகம் பயப்படுவது தண்ணீர் விளையாட்டுகளின் நிலத்தடித் தொட்டிகளுக்கும் பம்ப் அறைகளுக்கும். மூடிக் கிடக்கும் தொட்டியில் துருப்பிடிக்கும் இரும்பும் அழுகும் இலைகளும் காற்றிலிருக்கும் ஆக்சிஜனைக் குடித்துவிடும். நாற்றமே இல்லாமலும் இருக்கலாம். இறங்குகிறவர் இரண்டு மூச்சில் சரிந்துவிடுவார், காப்பாற்றக் குதிக்கும் நண்பரும் அப்படியே. யாராவது உள்ளே விழுந்தால் தயவுசெய்து நீங்களும் இறங்காதீர்கள். 112-க்கோ தீயணைப்புத் துறையின் 101-க்கோ அழையுங்கள். பாம்பும் கதண்டுக் குளவியும் இருக்கும் என்பதை நம் ஊரில் சொல்லவே வேண்டியதில்லை.

படம் எடுக்க ஆசையா? உரிமையாளரிடம் கேளுங்கள், பகலில் போங்கள், தரையிலேயே நில்லுங்கள். எதன் மேலும் ஏறாதீர்கள், எதன் அடியிலும் நிற்காதீர்கள். பூங்காவை மூடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பூட்டுப் போடுவதோடு விட்டுவிடாதீர்கள். கூண்டுகளைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைச் சங்கிலியால் கட்டுங்கள். தொட்டிகளை வடித்து மூடிகளைப் பூட்டுங்கள். மின் இணைப்பை எழுதிக் கொடுத்துத் துண்டியுங்கள். பெர்லினில் ஷ்ப்ரீபார்க் என்ற பூங்கா 2001-க்குப் பிறகு மூடிக்கிடந்தது. அதன் 45 மீட்டர் ராட்டினத்தை அப்படியே ஓட்டிப்பார்க்காமல், 2021-இல் துண்டு துண்டாகக் கழற்றிப் பழுதுபார்க்கக் கொண்டுபோனார்கள். எல்லாருக்கும் அவ்வளவு பணம் இருக்காது, சரி. ஆனால் ஒரு சங்கிலிக்கும் நான்கு பூட்டுக்கும் யாரிடமும் பணம் இருக்கும்.

எங்கள் ராட்டினத்தை ஓட்ட முடியாது என்று எழுதிக்கொடுத்தேன். வெட்டுகிற அன்றைக்கும் போயிருந்தேன். கேஸ் கட்டர் முதல் காலைத் துளைத்ததும் உள்ளிருந்து பழுப்புத் தண்ணீர் ஒரு குடம் அளவுக்குக் கொட்டியது. 5 மில்லிமீட்டராக இருந்திருக்க வேண்டிய தகடு, அளந்து பார்த்தால் 2-கூட இல்லை. வெட்டிய துண்டைக் காவல்காரர் கையில் வாங்கி, விரலால் ஓரத்தை அழுத்தினார். அது பப்படம் மாதிரி உதிர்ந்தது.

“இதுலயா சார் அந்தத் தம்பி உக்காந்திருந்தான்?” என்றார்.