புளி செய்யாததை அம்மோனியா செய்த ஊர்

கிருஷ்ணகிரிப் புளியில் ஓர் உருண்டை எடுத்துச் செப்புக் குடத்தைத் தேய்த்தால் பச்சைக் களிம்பு போய்க் குடம் பளபளக்கும். அந்தக் களிம்பில் இருப்பது செம்புக் கார்பனேட். புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடுகிறது. அதே புளிக்கரைசலைச் சுண்ணாம்புக்கல் தூளில் ஊற்றினால் நுரை பொங்கும். தூள் நிறைய இருந்தால் புளிப்பெல்லாம் அதிலேயே தீர்ந்துபோகும், செம்புக்கு மிஞ்சாது. அலாஸ்காவின் கென்னகாட் சுரங்கத்தில் இருந்த சிக்கல் இதுவேதான். அங்கே செம்புத் தாது சுண்ணாம்புப் பாறைக்குள் கிடந்தது.

1900-இல் கண்டுபிடிக்கப்பட்ட தாது அது. சில இடங்களில் அதில் 70 சதவீதம் வரை செம்பு. கடற்கரையிலிருந்து 315 கி.மீ. ரயில்பாதை 1911-இல் வந்து சேர்ந்த பிறகுதான் அதை வெளியே கொண்டுபோக முடிந்தது. சுரங்க ஊரில் விடுதி, மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லாமே சுரங்கக் கம்பெனியுடையவை.

மலைமேலிருந்து கம்பிவட வாளிகளில் இறங்கும் தாதுவை, 14 அடுக்கு ஆலையில் நொறுக்கித் தண்ணீரில் அலசிப் பிரித்தார்கள். அரிசியில் கல் அரிக்கிறோமே, அதே தத்துவம். தாதுவில் பெரும்பகுதி செம்பு சல்ஃபைடு, அதாவது செம்பும் கந்தகமும் சேர்ந்தது. அதன் அடர்த்தி சுமார் 5.6, சுண்ணாம்புக்கல்லுக்கு 2.7. கனமானது அடியில் தங்கும். ஆனால் பச்சையும் நீலமுமான கார்பனேட் தாது எளிதில் பொடிந்து, சேறோடு சேறாக ஓடிவிடும்.

இந்தக் கழிவிலிருந்து செம்பை மீட்கத்தான் 1916 வாக்கில் அம்மோனியா ஆலை இயங்கத் தொடங்கியது. அம்மோனியா சுண்ணாம்புக்கல்லைத் தொடாது. செம்புக் கார்பனேட்டை மட்டும் கரைத்து ஆழ்ந்த நீலக் கரைசலாக்கும். அதில் நீராவியைச் செலுத்தினால் அம்மோனியா ஆவியாகிப் பிரியும். கரைசலில் கரிய செம்பு ஆக்சைடு படியும். ஆவியைக் குளிர்வித்து மறுபடி பயன்படுத்தலாம். தொட்டிகள் காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும். மூட்டு ஒன்று தளர்ந்தாலும் அம்மோனியா கசியும்: ஆளுக்கும் ஆபத்து, அவ்வளவு தொலைவு சுமந்துவந்த பொருளும் நஷ்டம். எச்சத்தில் ஊறிய அம்மோனியாவையும் நீராவியால் விரட்டி மீட்டாக வேண்டும்.

இத்தனைக்கும், பொடிந்துபோன சல்ஃபைடு அம்மோனியாவில் சரிவரக் கரையாது. அதற்கென்று 1920-களில் நுரைமிதப்பு முறையைச் சேர்த்தார்கள்: எண்ணெய் கலந்த நுரையில் சல்ஃபைடு ஒட்டிக்கொண்டு மேலே வரும், வழித்தெடுக்கலாம்.

நல்ல தாது தீர்ந்ததும் 1938 நவம்பரில் கடைசி ரயில் புறப்பட்டது. சிவப்புச் சாயம் பூசிய அந்த 14 அடுக்கு மர ஆலை இன்றும் பனியாற்றின் ஓரம் நிற்கிறது.