மறுவாழ்வா, புனர்வாழ்வா?

ரீஹாபிலிட்டேஷன் என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதுதான் கேள்வி. வெளிநாட்டு உதவி பற்றிய செய்தி எதை எடுத்தாலும் நிவாரணம், புனர்வாழ்வு என்ற இரண்டும் சேர்ந்தேதான் வரும். இந்த ஜோடி இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சரக்கு. 1943-இல் 44 நாடுகள் கூடி, போரில் நொறுங்கிய நாடுகளுக்கு உதவ ஐ.நா. நிவாரண, புனர்வாழ்வு நிர்வாகம் என்று ஒன்றைத் தொடங்கின. நிவாரணம் அரிசி, தார்ப்பாய், மருந்து என்று உடனே கைக்கு வருவது. மற்றது அதற்கு அப்புறம் வருஷக்கணக்கில் இழுப்பது.

ஆங்கிலத்தின் ரீஹாபிலிட்டேஷன் லத்தீன் வழி வந்தது. பறிபோன பதவியை, உரிமையைத் திருப்பித் தருவதுதான் மூலப்பொருள், அதாவது அடிப்படையில் அது சட்டச் சொல். புனர் என்ற வடசொல்லும் கிட்டத்தட்ட அதேதான்: மீண்டும். அதோடு நம் வாழ்வை ஒட்டிப் புனர்வாழ்வு ஆக்கிவிட்டார்கள். தமிழின் மறு கொஞ்சம் வேறு. மறுநாள், மறுவீடு, மறுமணம் எதுவும் பழையதைத் திரும்பக் கொண்டுவருவதில்லை, அடுத்ததைத்தான் சொல்கிறது. (மறுவற்ற முகம் என்கிறோமே, அந்த மறு வேறு, அதை இங்கே இழுக்க வேண்டாம்.)

உதவிப் பணியில் நடப்பதும் இந்த அடுத்ததுதான். காபூலில் செஞ்சிலுவைச் சங்கம் 1988 முதல் நடத்தும் செயற்கைக் கால் மையத்தைப் பாருங்கள். கண்ணிவெடியில் கால் போனவருக்கு பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் கால் செய்து, இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்தபடி நடை பழக்கி அனுப்புவதோடு விடுவதில்லை, சிறுதொழிலுக்குக் கடன், படிப்பு என்று தொடர்கிறது. அங்கே கால் செய்பவர்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் நோயாளியாக வந்தவர்களே. 1990 முதல் அங்கே பணியாற்றிய இத்தாலியர் அல்பெர்டோ கைரோ பிடிவாதமாகக் கொண்டுவந்த ஏற்பாடு அது. சிறுபிள்ளை என்றால் வளர வளரக் காலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஆகவே உதவிப் பணம் பாதியில் நின்றால் பழைய கால் பிள்ளைக்குக் குட்டையாகிவிடும்.

இலங்கையில் புனர்வாழ்வுக்கு இன்னொரு நிறம் ஏறிவிட்டது. 2009-க்குப் பிறகு சுமார் 12,000 முன்னாள் புலிகளை அரசு தடுத்துவைத்த ஏற்பாட்டுக்கும் அதே பெயர்தான். ‘புனர்வாழ்வு பெற்றவர்’ என்றால் அங்கே கால் பொருத்திக்கொண்டவர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள், முகாமில் இருந்து வந்தவர் என்றுதான் புரியும். தமிழ்நாட்டில் மறுவாழ்வு என்றதும் குடிப்பழக்கத்தை நிறுத்தும் மையம் நினைவுக்கு வரும், ஆனால் இலங்கை அகதிகள் முகாம் 2021-இல் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியதிலிருந்து இந்தப் பொருளும் பழகிவிட்டது.

அதனால் பொதுவாக எழுதும்போது மறுவாழ்வு என்றே எழுதுங்கள். இலங்கை அரசு அலுவலகங்களின் பெயரில் மட்டும் புனர்வாழ்வு இருக்கட்டும், அது அவர்கள் வைத்த பெயர். கை கால் சார்ந்த சிகிச்சையை மட்டும் குறிக்க வேண்டுமென்றால் உடலியக்க மறுவாழ்வு என்று சொல்லலாம், கொஞ்சம் நீளம்தான்.