வரைபடத்தில் சிவப்பு வட்டங்கள்

பாதுகாப்பு ஆய்வுக்கு அழைக்கும் அரசுப் பள்ளிகளில் முதலில் எனக்கு வாசல் கதவையும் கேமராக்களையும்தான் காட்டுவார்கள். அவை தேவைதான், பார்த்துக் குறித்துக்கொள்வேன். அப்புறம் பள்ளியின் வரைபடத்தை நகலெடுத்து மாணவர்களிடம் கொடுப்பேன். பெயர் எழுத வேண்டாம், பயமாக இருக்கும் இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டால் போதும் என்பேன். வாசலில் சிவப்பு விழுவது குறைவு. கழிப்பறை, மாடிப்படித் திருப்பம், விளையாட்டுச் சாமான் வைக்கும் அறை, பேருந்துக்குக் காத்திருக்கும் இடம் என்று பெரியவர்கள் யாரும் நிற்காத இடங்களாகப் பார்த்து விழும்.

ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவிக்கு அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்தது. காலையில் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருவதை அவள் அம்மாதான் கவனித்தார். கழிப்பறையில் மூத்த மாணவிகள் மூன்று பேர் காசு கேட்டு மிரட்டியிருக்கிறார்கள். அங்கே போக நேரக் கூடாதென்றே அவள் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறாள். வகுப்பில் பாதிப் பேருக்கு இது தெரியும். ஆசிரியர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அந்தப் பாதி வகுப்பை நினைத்துத்தான் எனக்குக் கவலை. அமெரிக்காவில் 1999இல் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு, அந்நாட்டு அதிபரைப் பாதுகாக்கும் சீக்ரெட் சர்வீஸ் அமைப்பும் கல்வித் துறையும் சேர்ந்து 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் நடந்த 37 திட்டமிட்ட தாக்குதல்களை ஆராய்ந்தன. பத்தில் எட்டுச் சம்பவங்களில் வேறு ஒருவருக்காவது முன்பே விஷயம் தெரிந்திருந்தது என்கிறது 2002இல் வந்த அறிக்கை. அப்படித் தெரிந்திருந்தவர்கள் பெரும்பாலும் நண்பர்கள், வகுப்புத் தோழர்கள், உடன்பிறந்தவர்கள். 2021இல் சீக்ரெட் சர்வீஸ் இன்னொரு ஆய்வு வெளியிட்டது. நடக்கும் முன்பே தடுக்கப்பட்ட 67 சதித்திட்டங்களைப் பற்றியது அது. அவற்றில் பெரும்பாலானவை வெளியே வந்ததும் சக மாணவர்கள் பார்த்ததை, கேட்டதைச் சொன்னதால்தான்.

அப்படியானால் மற்ற பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை? 'போட்டுக் கொடுத்தவள்' என்ற பெயர் வந்துவிடும் என்ற பயம் பாதி. மீதி நம்மால் வருவது. புகார் சொன்னவளையும் மிரட்டியவளையும் ஒரே அறையில் நிறுத்தி "என்ன நடந்தது, இரண்டு பேரும் சொல்லுங்கள்" என்று விசாரிப்பதை நான் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை அதன்பிறகு வாயே திறக்காது. பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் திறக்க மாட்டார்கள்.

ஒரு குழந்தை உங்களிடம் வந்து சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். "நீ என்ன பண்ணினாய்?" என்று ஆரம்பிக்காதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம், அதைக் காப்பாற்ற முடியாமல் போகும். "உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல்லலாம். குழந்தை பயன்படுத்திய வார்த்தைகளிலேயே, அன்றே, தேதி போட்டு எழுதி வையுங்கள். பாலியல் அத்துமீறல் என்றால் பள்ளியே விசாரணையில் இறங்கக் கூடாது. துருவித் துருவிக் கேட்பது குழந்தையையும் நோகடிக்கும், பின்னால் வழக்கையும் கெடுக்கும். தாமதமில்லாமல் காவல்துறைக்கோ குழந்தைகள் பாதுகாப்பு அமைப்புக்கோ தெரிவியுங்கள். பல நாடுகளில் இது சட்டப்படி கட்டாயம். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பதை என்னால் ஒருபோதும் ஏற்க முடியாது.

எடுத்த நடவடிக்கை என்னவென்று, சொன்ன குழந்தையிடம் திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும். இதைத்தான் அதிகம் மறக்கிறோம்.

அந்த ஏழாம் வகுப்பு மாணவியின் பள்ளியில் பெரிய செலவு எதுவும் ஆகவில்லை. இடைவேளையில் இரண்டு ஆசிரியைகள் முறைவைத்துக் கழிப்பறைப் பக்கம் நின்றார்கள். மிரட்டிய மூவரிடமும் தனித்தனியாகப் பேசினோம். அவர்களில் ஒருத்தி வீட்டில் தினமும் அடி வாங்குகிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கும் உதவி ஏற்பாடானது. மூன்று மாதம் கழித்து மறுபடியும் வரைபடம் கொடுத்தேன். கழிப்பறையில் வட்டங்கள் பாதியாகக் குறைந்திருந்தன. சைக்கிள் நிறுத்தும் இடத்தில் புதிதாக ஆறு வட்டங்கள் இருந்தன. மறுநாள் காலை அங்கே போய் நின்றேன்.