கடல் பறவைய கடல்லயே தூக்கிப் போடாதீங்க

ஜூன், ஜூலைல தென்மேற்குப் பருவக்காத்து ஓங்கி அடிக்கும்போது கன்னியாகுமரி பக்கம், கேரளா கரையோரம்லாம் சில பறவைங்க பறக்க முடியாம ஒதுங்கும். அதுல ஒண்ணு சூட்டி டெர்ன், ஆலா வகை. முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, நெத்தியில வெள்ளை, வால் நல்லா பிளந்திருக்கும். பாக்குறவங்க கடல் பறவைதானேன்னு அலையில விட்டுடுறாங்க, இல்லன்னா பக்கெட் தண்ணியில உக்கார வச்சு என்னை மாதிரி கால்நடை டாக்டர்கிட்ட தூக்கிட்டு வர்றாங்க. ரெண்டுமே தப்புங்க.

இதோட இறகுல எண்ணெய்ப் பசை ரொம்ப கம்மி, தண்ணியில கொஞ்ச நேரம் இருந்தாலே ஊறிடும். அதனால கடல்லயே வாழ்ந்தாலும் பொழப்பு பூரா காத்துலதான். சூரை மீன் கூட்டம் கீழ இருந்து பொடி மீன விரட்டும்போது அது மேல துள்ளும்ல, அத பறந்துக்கிட்டே கொத்திக்கும். எங்க பறவை சுத்துதோ அங்க சூரை இருக்கும்னு மீன்பிடிக்கப் போறவங்களுக்கு நல்லாவே தெரியும். குஞ்சு வளந்து தீவ விட்டுக் கிளம்பிடுச்சுன்னா திரும்ப கரைக்கு வரவே பல வருஷம் ஆகும், அதுவும் முட்டை வைக்கத்தான் வரும்.

நம்ம பக்கத்துல லட்சத்தீவுல கவரத்திக்குப் பக்கம் பிட்டின்னு ஆளில்லாத ஒரு மணல் திட்டு, அங்க கூட்டமா முட்டை வைக்குதுங்க. கூடெல்லாம் கிடையாது, வெறும் மணல்ல ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டை. அம்மா அப்பா மாறி மாறி சுமார் 4 வாரம் அடை காக்கும். வெயில்ல முட்டை வெந்துடாம நிழல் கொடுக்குறதும் இதுல சேர்த்தி, நாம படகுல போய் இறங்கி பறவைய கிளப்பி விட்டா அந்த நிழல் போச்சு. அட்லாண்டிக்ல அசென்ஷன் தீவுல வேற கதை, அங்க வருஷக் கணக்கே இல்ல, சுமார் 9.6 மாசத்துக்கு ஒரு தடவை இனப்பெருக்கம். ஆனா எங்கயும் ஒரு முட்டைதான், முட்டையிடுற வயசு வர்றதுக்கும் பல வருஷம் ஆகும். அதனால வளந்த பறவை ஒண்ணு செத்தா ஈடு கட்டுறது லேசு இல்ல.

கரையில ஒதுங்குனத தொட்டுப் பாத்தா நெஞ்செலும்பு கத்தி மாதிரி கைய உறுத்தும், சதையே இருக்காது. பல தடவை காயம் எதுவும் இருக்காது, வெறும் பசியும் களைப்பும்தான். ஒரு துண்ட போட்டு மெதுவா எடுங்க (அலகு கூர்மை, முகத்துக்கிட்ட கொண்டு போகாதீங்க), ஓட்டை போட்ட அட்டைப்பெட்டில இருட்டா, ஈரமில்லாம வைங்க. வாய்ல தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழல்ல போயிடும். பறக்குதான்னு பாக்க மேல தூக்கி எறியுறதும் வேணாம். உடனே வனத்துறைக்கு போன் பண்ணுங்க, வீட்ல வச்சு வளர்க்குறது சட்டப்படி குத்தம்.

கால்ல உலோக வளையம் (பறவை ஆராய்ச்சிக்காரங்க அடையாளத்துக்கு மாட்டுறது) இருந்தா கழட்டாம நம்பர் தெரியுற மாதிரி போட்டோ எடுத்து, எங்க எப்போ கிடைச்சதுன்னு எழுதி வைங்க, மும்பைல பிஎன்ஹெச்எஸ்காரங்க (பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம்) அந்த விவரத்தை வாங்கிக்குவாங்க.