பெரியவருக்குத் தும்மல், கைக்குழந்தைக்கு மூச்சுத் திணறல்: ஆர்எஸ்வி வைரஸ் செய்யும் வேலை

கோலாலம்பூரில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் சளி மாதிரிகளை 27 ஆண்டு காலத்துக்குத் திரட்டி ஆராய்ந்த முடிவுகள் 2012-இல் வெளிவந்தன. அவற்றில் அதிகம் சிக்கியது சுவாசப்பாதையைத் தாக்கும் ஆர்எஸ்வி என்ற வைரஸ். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அது உச்சத்தில் இருப்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் வீடுகளில் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு நடப்பதும் அதே வாரங்களில்தான். பிறந்து இரண்டு மாதமான பிள்ளையை ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிக் கொஞ்சுவதும் அப்போதுதான்.

இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் இது ஒரு முறையாவது வந்துவிடும். பெரும்பாலானோருக்கு மூக்கொழுகல், இருமலோடு போய்விடும். முதல் ஆறு மாதத்துக்குள் வந்தால்தான் கவலை. அதற்குக் காரணம் மூச்சுக்குழலின் அகலம்.

குழலுக்குள் காற்று சீராக ஓடும்போது, அதற்கு ஏற்படும் தடை குழலின் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, 16 மடங்கு ஆகிறது. 8 மில்லிமீட்டர் அகலமுள்ள பெரியவரின் குழலில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் தடை ஏறக்குறைய மூன்று மடங்குதான். அவர் இரண்டு முறை செருமிவிட்டு வேலைக்குப் போவார். அதே 1 மில்லிமீட்டர் வீக்கம் 4 மில்லிமீட்டர் குழலில் வந்தால் 16 மடங்கு. கைக்குழந்தையின் நுரையீரலுக்குள் போகப் போகக் குழல்கள் 1 மில்லிமீட்டருக்கும் குறுகிவிடுகின்றன. ஆர்எஸ்வி போய்ச் சேருவது அந்த நுண்குழல்களுக்குத்தான்.

வைரஸ் உள்ளே நுழையும் வாசல்கள் மூக்கும் கண்ணும். சளி பிடித்தவர் மூக்கைத் துடைத்த கையால் பிள்ளையின் முகத்தைத் தடவினால் போதும். மேசை, பொம்மை போன்ற கடினமான பரப்பில் அது சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். கையில் அரை மணி நேரம் வரை. ஆனால் அதன் வெளியுறை கொழுப்பாலானது, சோப்பு பட்டதும் கலைந்துவிடும். அதனால் கை கழுவச் சொல்வது ஒப்புக்குச் சொல்லும் அறிவுரை அல்ல.

மூக்கின் உள்சுவரில் நுண்மயிர்கள் கொண்ட செல்கள் உள்ளன. ஒரு செல்லில் ஏறத்தாழ 200 மயிர்கள். நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளிப்படலத்தைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். சுவாசப்பாதையைச் சுத்தமாக வைத்திருப்பது இந்த ஓயாத தள்ளல்தான். ஆர்எஸ்வி குறிவைப்பதோ இந்த மயிர்ச்செல்களையே. அதன் மேற்பரப்பில் இருக்கும் எஃப் என்ற புரதம் வைரஸின் உறையைச் செல்லின் உறையோடு இணைக்கிறது. உள்ளே போனதும் வைரஸின் வேறு இரு புரதங்கள் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைச் சுரப்பை அடக்கிவிடுகின்றன. பக்கத்துச் செல்களுக்குச் சேதி போகாது. அதனால்தான் தொற்றி நான்கு முதல் ஆறு நாள் வரை வெளியே ஒன்றும் தெரிவதில்லை.

பிறகு மூக்கு ஒழுகத் தொடங்கும். ஒன்று முதல் மூன்று நாளில் வைரஸ் நுண்குழல்களுக்கு இறங்கும். தொற்றிய செல்கள் உப்பி, சுவரிலிருந்து பெயர்ந்து, குழலின் நடுவே விழுகின்றன. அவற்றோடு மிகுதியாகச் சுரந்த சளியும், சண்டைக்கு வந்து மடிந்த வெள்ளணுக்களும் அந்த வெள்ளணுக்கள் கொட்டிய பிசுபிசுப்பான டிஎன்ஏவும் சேர்ந்து கட்டியான அடைப்பாகின்றன. அதைத் தள்ளி வெளியேற்ற வேண்டிய மயிர்களோ ஏற்கெனவே உதிர்ந்துவிட்டன. நேரடிச் சேதத்தைவிட இந்த அடைப்புதான் குழந்தையை மூச்சுக்குத் தவிக்க வைக்கிறது.

மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிவதால் குழல்களும் சற்று விரியும். அடைப்பின் ஓரமாகக் காற்று உள்ளே போய்விடும். விடும்போது குழல்கள் சுருங்கும், போன காற்று சிக்கிக்கொள்ளும். சைக்கிள் டியூப்பின் வால்வு காற்றை ஏற்றும், வெளியே விடாதே, அந்த மாதிரி. மூச்சு விடும்போது விசில்போல இளைப்புச் சத்தம் கேட்பது இதனால்தான். முழுக்க அடைபட்ட இடத்துக்கு அப்பால் நுரையீரல் சுருங்கிப்போகும். பெரியவர்களின் காற்றறைகளுக்கு இடையே சிறு துளைகள் இருக்கும், ஒரு வழி அடைத்தால் பக்கத்து அறையிலிருந்து காற்று வரும். கைக்குழந்தைக்கு அந்தத் துளைகள் இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. இரத்தம் காற்றில்லாத பகுதிகள் வழியாகவும் ஓடித் திரும்புவதால் ஆக்சிஜன் அளவு இறங்குகிறது.

இதைப் புரிந்துகொண்டால், மருத்துவர் மருந்து எழுதித் தரவில்லை என்று பெற்றோர் கோபப்பட வேண்டியிருக்காது. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கானது, வைரஸை ஒன்றும் செய்யாது. சல்புட்டமோல் போட்டுத் தரும் நெபுலைசர் குழலைச் சுற்றிய தசையைத் தளர்த்தும். ஆஸ்துமாவில் அது கைகொடுக்கும். இங்கே அடைத்திருப்பது குப்பை, இறுகியிருப்பது தசை அல்ல. ஸ்டீராய்டும் பலன் தருவதில்லை. மருத்துவமனையில் செய்வது மூன்று: மூக்கை உறிஞ்சிச் சுத்தம் செய்வது, ஆக்சிஜன் கொடுப்பது, பால் குடிக்க முடியாத பிள்ளைக்குக் குழாய் வழியாகப் பாலோ நீரோ ஏற்றுவது. உடல் தானே வைரஸை விரட்டும்வரை பிள்ளையைத் தாங்கிப்பிடிப்பதுதான் சிகிச்சை.

வீட்டில் பார்க்க வேண்டியது மூச்சின் எண்ணிக்கை. பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது, ஏனெனில் கைக்குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குக் கீழே நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50 அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமான மூச்சு. இந்த வேகமான மூச்சு, விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளிழுத்தல், மூக்குத் துவாரம் விரிதல், வழக்கமான பாலில் பாதிகூடக் குடிக்காமை, 12 மணி நேரம் நாப்கின் நனையாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். உதடு நீலம் பாரித்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாலோ, மூச்சு இடையில் நின்று நின்று வந்தாலோ 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள். குறைமாதக் குழந்தைக்கு இருமலே இல்லாமல் மூச்சு நிற்பதுதான் முதல் அறிகுறியாக இருக்கலாம். மூன்று மாதத்துக்குக் கீழே 38 டிகிரி காய்ச்சல் என்றால் வேறு எதுவும் இல்லாவிட்டாலும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

நோய் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்தாம் நாளுக்குள் உச்சத்தைத் தொடும். இரண்டாம் நாள் கிளினிக்கில் “சாதாரணச் சளி” என்று சொன்னது அன்றைக்குச் சரியாகவே இருந்திருக்கும். நான்காம் நாளுக்கு அது செல்லாது. மறுபடி எண்ணிப் பாருங்கள்.

சின்னக் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும், அதோடு பால் குடிக்கும்போது வாயும் அடைபட்டிருக்கும். ஆகவே பால் கொடுக்குமுன் 0.9 சதவீத உப்புநீர்ச் சொட்டு மருந்தை இரு துவாரத்திலும் ஒன்றிரண்டு சொட்டு விட்டு, மென்மையாக உறிஞ்சி எடுப்பது பெரிய உதவி. பாலை அளவு குறைத்து அடிக்கடி கொடுங்கள். பாட்டி சொல்லும் சிலவற்றைத் தள்ளத்தான் வேண்டும். குளித்த பிள்ளைக்குக் காட்டும் சாம்பிராணிப் புகை, வீங்கிய குழலை மேலும் எரிச்சலூட்டும். கற்பூரம் கலந்த தைலம் இரண்டு வயதுக்கு முன் கூடாது. தேன் ஒரு வயதுக்கு முன் கூடவே கூடாது.

தடுப்பூசிக்கு ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று? 1960-களில் அமெரிக்காவில் ஃபார்மலினால் கொன்ற வைரஸைத் தடுப்பூசியாகப் போட்டுப் பார்த்தார்கள். ஊசி போட்டபின் இயற்கையாக ஆர்எஸ்வி தொற்றிய குழந்தைகளில் 80 சதவீதத்தினர் மருத்துவமனையில் சேர்ந்தனர்; இரண்டு பேர் இறந்தனர். எஃப் புரதத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு: செல்லோடு இணையுமுன் ஒன்று, இணைந்தபின் இன்னொன்று. முதல் வடிவம் நிலையற்றது, லேசாகச் சீண்டினாலே இரண்டாவதாக மாறிவிடும். வைரஸைத் தடுக்கும் வலுவான எதிர்ப்புப் புரதங்கள் முதல் வடிவத்தையே பற்றும். பழைய தடுப்பூசி உடலுக்குக் காட்டியதோ இரண்டாவதை. 2013-இல் ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரஹாம் உள்ளிட்ட விஞ்ஞானிகள் முதல் வடிவத்தைக் கண்டு, அதை மாறாமல் நிறுத்திவைக்கவும் வழி கண்டனர். பத்தே ஆண்டில், 2023-இல், தடுப்பூசிகள் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

அவற்றில் ஒன்று கர்ப்பிணிக்குப் போடுவது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் போட்டால், தாயிடம் உருவாகும் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய், மூச்சுக்குழல் மிகக் குறுகலாக இருக்கும் முதல் ஆறு மாதத்துக்குக் காவலாகும். நேராகப் பிள்ளைக்கே செலுத்தும் நிர்செவிமாப் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் உண்டு. ஒரு முறை போட்டால் ஐந்து மாதம்வரை காக்கும். ஆண்டுக் கடைசியில் பிரசவம் என்றால் இதைப் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

குணமான பிறகும் இருமல் இரண்டு மூன்று வாரம் நீடிக்கும். உதிர்ந்த செல்களின் இடத்தில் புதியவை சில நாளில் வந்துவிடும், ஆனால் அவற்றில் மயிர் முளைத்து முழுதாக அசையத் தொடங்க இரண்டு வாரம்போல ஆகும். அதுவரை சளியை வெளியேற்ற இருமலைத் தவிர வேறு வழி இல்லை. பிள்ளை நன்றாகப் பால் குடித்து, மூச்சு சீராக இருந்தால் அந்த இருமலுக்கு மருந்து வேண்டாம்.