பீட்டில்ஸ் பாட்டு யாருக்குச் சொந்தம்?

பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் ஒரு பாட்டில் இரண்டு பதிப்புரிமைகள் இருக்கின்றன. வரிக்கும் மெட்டுக்கும் ஒன்று, ஸ்டுடியோவில் பதிவான ஒலிக்கு இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மீதிக் கதை பிடிபடாது.

குழுவின் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் எழுதிய பாடல்களில் பெரும்பாலானவற்றின் உரிமை, 1963இல் தொடங்கிய நார்தர்ன் சாங்ஸ் என்ற இசைப் பதிப்பக நிறுவனத்திடம் போனது. 1969இல் அந்த நிறுவனம் ஏடிவி என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1985இல் மைக்கேல் ஜாக்சன் 4.75 கோடி டாலர் கொடுத்து அதன் இசைப் பிரிவான ஏடிவி மியூசிக்கை வாங்கினார். எழுதியவர்களுக்கு ராயல்டி வந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு பாட்டை விளம்பரத்துக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

அமெரிக்கச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 1978க்கு முன் பதிப்புரிமை பெற்ற பாட்டின் அமெரிக்க உரிமையை, 56 ஆண்டுகள் கழித்து எழுதியவர் திரும்பக் கேட்கலாம். இதை வைத்துத்தான் மெக்கார்ட்னி 2017இல் நியூயார்க்கில் சோனி ஏடிவி (ஜாக்சனின் ஏடிவி மியூசிக் சோனியோடு சேர்ந்து உருவான நிறுவனம்) மீது வழக்குப் போட்டார். அதே ஆண்டு சமரசமும் ஆனது. எனக்கு இந்தப் பிரிவு ரொம்ப நியாயமாகப் படுகிறது. இருபது வயதில் போட்ட கையெழுத்து ஒருவரை ஆயுள் முழுக்கக் கட்டிப்போடக் கூடாது.

சரி, ஒலிப்பதிவுக்கு வருவோம். ஐரோப்பாவில் அதற்கு 50 ஆண்டுதான் பாதுகாப்பு இருந்தது. 1962இல் வெளியான 'லவ் மீ டூ' பதிவு 2012 முடிவோடு யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுச்சொத்தானது. 2013 நவம்பரில் காலம் 70 ஆண்டாக நீண்டதால் 1963இன் பதிவுகள் தப்பின. அதிலும் ஒரு நிபந்தனை: 50 ஆண்டுக்குள் வெளியிடாமல் வைத்திருந்த பதிவுக்கு நீட்டிப்பு கிடையாது. அதனால்தான் 2013 டிசம்பர் 17 அன்று 59 பழைய பதிவுகள் ஐடியூன்ஸில் வந்தன. ஸ்டுடியோவில் பாடிப் பதிவுசெய்து ஒதுக்கிவைத்த டேக்குகள், பிபிசி வானொலிக்காகப் பாடியவை, இப்படி. இன்னும் இரண்டு வாரம் தாமதித்திருந்தால் உரிமை போயிருக்கும். ரசிகர்களுக்கு அந்தப் பாடல்கள் கிடைத்ததே கெடுத் தேதியால்தான்.

பெயருக்கு அப்படிக் கெடு இல்லை. பெயரையும் சின்னத்தையும் காக்கும் டிரேட்மார்க்கைப் பயன்படுத்திக்கொண்டு, 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். 1968இல் குழு தொடங்கிய ஆப்பிள் கோர் நிறுவனம், கணினி நிறுவனமான ஆப்பிளோடு பெயருக்காகப் பல ஆண்டுகள் மோதியது. கடைசியில் 2007 ஒப்பந்தப்படி பெயர் கணினி நிறுவனத்துக்கே போனது. ஆப்பிள் கோர் இப்போது உரிமம் பெற்று அதைப் பயன்படுத்துகிறது.

ஆக, ஐரோப்பாவில் இன்று 'லவ் மீ டூ'வின் 1962 பதிவை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். ஆனால் மெட்டுக்கு ராயல்டி கட்டியாக வேண்டும். குழுவின் டிரம்மில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த பெயரில் 'டி' (T) எழுத்தின் கால் நீண்டிருக்கும் அந்தச் சின்னத்தை அனுமதி இல்லாமல் டிஷர்ட்டில் அச்சடித்து விற்கவும் முடியாது.