வால் விளிம்பில் ஒரு கையெழுத்து

கடலுக்குள் மறைந்து திரியும் திமிங்கலங்களை எப்படி எண்ணுகிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மாட்டுக்குப் போல் காதில் வில்லை மாட்ட இயலாது என்பதால், கூன்முதுகுத் திமிங்கலங்களை அவற்றின் வாலைப் படம்பிடித்தே எண்ணுகிறார்கள்.

ஆழத்துக்குச் செல்லுமுன் இத்திமிங்கலம் முதுகை வளைத்து, தலைகீழாகச் சரிந்து, வாலை நீருக்கு மேலே தூக்குகிறது. அந்தச் சில நொடிகளில், அதன் பின்னால் நிற்கும் படகிலிருந்து வாலின் அடிப்புறம் முழுதும் தெரியும். முழு வெள்ளை முதல் முழுக் கறுப்பு வரை ஆளுக்கொரு விதமான திட்டுகளும், ஓர்க்காக்கள் எனும் கொலைகாரத் திமிங்கலங்களின் பற்கள் கீறிய தழும்புகளும் அதில் பதிந்திருக்கும். இவற்றைவிட எனக்குப் பிடித்தது வாலின் பின்விளிம்புதான். பழைய ரம்பம்போல் ஒழுங்கின்றி ஏறி இறங்கும் அந்த விளிம்பு, குட்டிப் பருவத்துத் திட்டுகள் மாறினாலும், பெரும்பாலும் மாறாமல் நிலைக்கிறது. முன்பு அச்சிட்ட படங்களை மேசையில் பரப்பிக் கண்ணால் ஒப்பிட்டார்கள். இன்று அந்த மேடுபள்ளங்களையும் திட்டுகளையும் கணினி ஒப்பிடுகிறது.

ஆயினும் கோடையில் அலாஸ்காவில் இரை தேடி, குளிர்காலத்தில் ஹவாயில் குட்டி ஈனும் விலங்கை ஒரே குழு தொடர்வது அரிது. 2015இல் தொடங்கிய ஹேப்பிவேல் இணையதளத்தில் ஆய்வாளர்களோடு சுற்றுலாப் பயணிகளும் படங்களைச் சேர்க்கிறார்கள். 2013இலும் 2017இலும் கொலம்பியாவின் பசிபிக் கரையோரம் காணப்பட்ட ஓர் ஆண் திமிங்கலம், 13,000 கிலோமீட்டருக்கு அப்பால் கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபார் அருகே 2022இல் இருந்தது இவ்வாறுதான் தெரிந்தது.

எண்ணும் கணக்கு எளிது. முதலில் 100 வால்களைப் படம்பிடித்து, அடுத்த முறை பிடித்த 100இல் 10 பழையவை என்றால், முதல் நூறு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. ஆக ஏறக்குறைய 1,000 இருக்கும். உண்மையில் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு எல்லாம் கணக்கைச் சிக்கலாக்கும். வட பசிபிக்கில் 39 வால்படத் தொகுப்புகளை ஒன்றாக்கி 27,956 திமிங்கலங்களைத் தனித்தனியே அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

ஒரே வால்களை ஆண்டுதோறும் படம்பிடிக்கும் சலிப்பான பணிக்கு நிதி தருவோர் குறைவு என்பது என் வருத்தம். 2012இல் சுமார் 33,500ஆக இருந்த வட பசிபிக் கூன்முதுகுத் திமிங்கலங்கள் 2021இல் சுமார் 26,700ஆகக் குறைந்ததை அந்தச் சலிப்பான பணிதான் காட்டிக்கொடுத்தது. 2014 முதல் 2016 வரை நீடித்த கடல் வெப்ப அலையில் இரை குன்றியதே காரணம் என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.